சமதரையில் ஓட்டிப் பார்த்து லொறி வாங்காதீர்கள்

பழைய லொறி வாங்கும் யோசனையில் இருக்கும் நம்ம மலையகத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான். மச்சான் "மானம் போகும், எழுதாதே" என்கிறார். போன காசைவிடவா மானம் பெரிசு?

நானும் மச்சானும் நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றித் தம்புள்ளைக்குப் போடுகிறோம். லொறி வாடகைக்கே பாதி போகிறது என்று 2023இல் சொந்தமாக ஒன்று எடுக்கத் துணிந்தோம். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறிப்போய் இருந்த நேரம் அது. கீழ்நாட்டுப் பக்கம் ஒரு விற்பனை இடத்தில் பழைய மிட்சுபிஷி கென்டர் லொறி ஒன்று இருக்கிறது, 4டி33 என்ஜின், "ஒரே கை ஓடினது" என்று புரோக்கர் கூட்டிப்போனார். 43 லட்சம். அதில் 25 லட்சம் லீசிங். கென்டரில் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ரோட்டில் அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். விற்றவர்கள்தான் சரியில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "பெட்டரி பழசு தம்பி, அதான் காலையிலேயே ஸ்டார்ட் பண்ணி வச்சோம்" என்றார்கள். அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும். தேய்ந்த என்ஜின் தன் நோயைக் காட்டுவது குளிர்ந்து கிடந்து முதல் முறை ஸ்டார்ட் பண்ணும்போதுதான். நீலப் புகை, இழுத்து இழுத்துப் பிடிப்பது, சத்தம் எல்லாம் அப்போது தெரியும், சூடாகிவிட்டால் பாதி ஒளிந்துகொள்ளும். என்ஜினைக் கழுவி, சேசிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி வைத்திருந்தார்கள். வெறும் பாடியோடு நல்ல தார் ரோட்டில் ஒரு நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் மாதிரி போனது. பார்த்துச் சொல்ல ஒரு பாஸையும், அதாவது மெக்கானிக்கையும், புரோக்கரே கூட்டி வந்திருந்தார். அவருக்குக் கூலி கொடுத்தது நாங்கள், அவர் வேலை பார்த்தது அவர்களுக்கு. லீசிங் கொம்பனி ஆள் வந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து மதிப்புப் போட்டார். அவருக்கு என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பது வேலையில்லை, அதையும் ஒரு சான்றிதழ் என்று நாங்கள் நம்பினோம்.

முதல் லோட் ஏற்றி இறம்பொடை இறக்கத்தில் விட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. லபுக்கலை தாண்டி, மூன்றாவது கியரில் போட்டு எக்சிலேட்டரை விட்டால் கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிட்டது. சரி, புகைக்குழாயை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கிறதே என்று சுவிட்சைப் போட்டால் ஒன்றும் பிடிக்கவில்லை. பிறகு பார்த்தால் அதன் வால்வு துருப்பிடித்து இறுகி, வயரைக் கழற்றி விட்டிருந்தார்கள். இரண்டும் இல்லாமல் மூன்று தொன் கரட்டோடு கால் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினோம். கொஞ்ச தூரத்தில் கருகிய வாடை, அப்புறம் மிதி பஞ்சு மாதிரி கீழே போக ஆரம்பித்தது. பிரேக் ஒயில் வருஷக்கணக்கில் மாற்றாவிட்டால் தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும், டிரம் சூட்டில் அது கொதித்து ஆவியானால் மிதிக்கு ஒன்றும் இருக்காது. மச்சான் எப்படியோ இரண்டாவது கியரில் திணித்து, மலைப்பக்கத்துக் காணில் முன் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். கிளீனர் பையன் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு எதிரில் பஸ் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அடுத்த கூத்து. கண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு புசல்லாவை தாண்டினால் என்ஜின் கத்துகிறது, லொறி நகரவில்லை. கிளச் வழுக்கல். அதோடு ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கிவிட்டது.

தலவாக்கலையில் எங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் முதலில் கேட்ட கேள்வி, "தெர்மோஸ்டெட் எங்க தம்பி?" என்பதுதான். கழற்றி எறிந்திருந்தார்கள். என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் சமதரையில் சூடு காட்டும் ஊசி மேலே ஏறவே ஏறாது, சூடாகும் என்ஜின் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து, ஓடும் என்ஜினில் ஒயில் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயில் வைத்தார். மூடி துள்ளி விழுந்தது, புகை குபுகுபு என்று வந்தது. பிஸ்டன் ரிங்கும் அது ஓடும் லைனரும் தேய்ந்து போய்விட்டன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார். வாங்கும் அன்று புகை தெரியாமல் இருந்ததற்குக் காரணம், என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் பிரீதர் குழாயில் நீள ஹோஸ் போட்டுப் பின் சக்கரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். தடித்த ஒயிலும் ஊற்றியிருந்தார்கள். புகைச் சான்றிதழ் எடுக்க டீசல் பம்பைக் குறைத்து வைத்திருந்ததால்தான் ஏற்றத்தில் இழுவை இல்லை என்பதும் அப்போது தெரிந்தது.

முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகட என்றது, முன் சக்கரம் திரும்புவதற்குத் தாங்கும் கிங் பின் தேய்ந்திருந்தது. பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தில் கறுப்புப் பெயிண்டை ஆணியால் சுரண்டினார் பாஸ். உள்ளே பழைய வெல்டிங், அதன் பக்கத்தில் புது வெடிப்பு.

செலவைச் சொல்கிறேன், என் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி. என்ஜின், அதாவது லைனர் பிஸ்டன் செட், ஹெட் வேலை, பம்ப், நொசில் எல்லாம் சேர்த்து 5,40,000. கியர்பொக்ஸைத் திறந்து செய்வதைவிடப் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்தது ஒன்று எடுப்பது லாபம் என்றார் பாஸ், அது 1,75,000. பிரேக்குக்கு லைனிங், வீல் சிலிண்டர், டிரம் கடைதல், எக்ஸோஸ்ட் பிரேக்கோடு 1,10,000. கிளச் 85,000. சேசிஸ் தகடு வைத்து அடித்தது 60,000. கிங் பின் 38,000. மொத்தம் 10 லட்சத்து 8 ஆயிரம் ரூபா. 41 நாள் லொறி கராஜில் நின்றது. லீசிங்காரன் அந்த நாட்களைக் கழிக்கவில்லை.

விற்ற இடத்துக்குப் போன் எடுத்தேன். "நாங்க பார்த்த நேரம் நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க மலையில ஓட்டினா நாங்க என்ன செய்ய" என்றார்கள். நுவரெலியா மரக்கறிக்கு என்று மூன்று தரம் சொல்லித்தான் வாங்கினோம். 'உள்ள நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி சிங்களத்தில் இருந்த தாளில் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன், அதை வாசித்துச் சொன்னதும் புரோக்கர்தான். புரோக்கர் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை.

நீங்கள் போகிறதாக இருந்தால் சொல்லாமல் விடியற்காலையில் போய் என்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்க லோடோடு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் கேளுங்கள். கினிகத்தேனை வரைக்கும் கொண்டுவரச் சம்மதிக்காதவரோடு பேரம் வேண்டாம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் யாருக்காவது துணைக்கு ஆள் தேவைப்பட்டால் எனக்குச் சொல்லுங்கள், எங்கள் பாஸ் வருவார். பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் கேட்பார், ஜாக் அவரிடமே இருக்கிறது.