கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா: ஓரத்தில் உட்கார்ந்தாலும் மாறாத குரல்

ஸ்பீக்கர் என்றாலே எத்தனை வாட்ஸ், பேஸ் எப்படி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், சத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு பரவுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேஇஎஃப் நிறுவனத்தின் இந்த எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கரை நான் சிபாரிசு செய்வதே அதற்காகத்தான்.

நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சுவர். நேராக வரும் ஒலியோடு சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம், அந்த இரண்டும் ஒரே குணத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்று இரண்டு பாகங்கள் பிரித்துக்கொள்ளும் சாதாரண டூ-வே ஸ்பீக்கரில் அது கஷ்டம். ஒலியின் அலைநீளம் வூஃபரின் அகலத்தை நெருங்க நெருங்க (13 செ.மீ. கோனுக்கு அது சுமார் 2,600 ஹெர்ட்ஸ்) வூஃபரின் வீச்சு, அதாவது ஒலி பக்கவாட்டில் பரவும் அகலம், குறுகிக்கொண்டே போகும், அங்கே பொறுப்பேற்கும் ஒரு அங்குல ட்வீட்டரோ திடீரென்று நாலாபக்கமும் இறைக்கும். பக்கச் சுவரிலிருந்து வரும் குரல் கீச்சென்று இருப்பது இதனால்தான்.

எல்எஸ்50 மெட்டாவில் ட்வீட்டர் வூஃபரின் நட்ட நடுவில் இருக்கிறது. யூனி-க்யூ என்ற பெயரில் 1988லிருந்து கேஇஎஃப் செய்துவரும் வேலை இது. சின்னதாகவும் வலுவாகவும் இருக்கும் நியோடிமியம் காந்தம் வந்த பிறகுதான் இப்படி அடக்க முடிந்தது. சுற்றியுள்ள வூஃபர் கோனே ட்வீட்டருக்கு ஹார்ன் (ஒலியை வழிநடத்தும் கூம்பு) ஆகி அதன் வீச்சைக் கட்டுப்படுத்துவதால், 2.1 கிலோஹெர்ட்ஸில் வூஃபரிலிருந்து ட்வீட்டருக்குக் கைமாறும் இடம் காதுக்குத் தெரிவதே இல்லை. முகப்பையும் வளைத்துச் செய்திருக்கிறார்கள், விளிம்பில் ஒலி பட்டுச் சிதறாமல் இருக்க.

கடையில் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த, அருவி மாதிரியான இரைச்சல்) போடச் சொல்லி, உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்படியே எழுந்து நில்லுங்கள். ட்வீட்டர் தனியாக இருக்கும் பல ஸ்பீக்கர்களில் ஒலியின் நடுப்பகுதி உள்வாங்கிப்போகும், இதில் அந்த மாற்றம் மிகக் குறைவு. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாலும் பாடகரின் குரல் அதே குரல்தான், எனக்கு இது பெரிய விஷயம்.

சரி, பேஸ்? கீழே 79 ஹெர்ட்ஸ் வரைதான் தெம்பாகப் போகும். 100 ஹெர்ட்ஸ் அலையே 3.4 மீட்டர் நீளம், இந்தச் சின்னப் பெட்டியால் அதைத் திசைதிருப்ப முடியாது, பின்னாலும் சுற்றிப் போகும். அதனால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். 100 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பேஸையும் முன்பக்கமே செலுத்த வேண்டும் என்றால் டச் அண்ட் டச் 8சி மாதிரி கார்டியாய்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, பக்கவாட்டுத் துளைகள் வழியே பின்பக்க ஒலியை ரத்து செய்பவை, ஆனால் அந்த விலையே வேறு. எல்எஸ்50 மெட்டாவின் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 85 டெசிபல்தான், ஆகவே நல்ல ஆம்ப்ளிஃபையர் அவசியம், கூட ஆழமான பேஸுக்கென்று ஒரு சப்வூஃபரும் சேர்த்துவிட்டால் சின்ன ஹாலுக்குத் தாராளம்.