80 ஆம்பியர் டைனமோ நல்லதுதான், கூட வரும் புல்லிதான் சரியில்லை

பஸ், லாரிகளில் பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய 24 வோல்ட் 45 ஆம்பியர் டைனமோவை (ஆல்டர்னேட்டர்) கழற்றிவிட்டு 80 ஆம்பியர் மாட்டும் வேலை கடலூர், புதுச்சேரி பட்டறைகளில் சகஜம். டைனமோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே பார்த்த செட்டில் கூட வந்தது 85 மி.மீ. புல்லி, அதாவது டைனமோவைச் சுற்ற பெல்ட் ஓடும் சக்கரம்; சிக்கல் அதில்தான்.

அந்த 80 ஆம்பியர், டைனமோ நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது கிடைப்பது. 1500க்குக் கீழே பேருக்குத்தான் சார்ஜ். இன்ஜின் பக்கத்து கிராங்க் புல்லி 190 மி.மீ. என்றால் விகிதம் 2.24. இன்ஜின் 650-ல் ஐட்லிங் ஆனால் டைனமோவுக்கு 1450 சுற்றுதான். புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கம் சிக்னலில் லைட், ஃபேன், பாட்டு எல்லாம் போட்டு நிற்கும் பஸ் பேட்டரியைத்தான் உறிஞ்சும்.

70 மி.மீ. புல்லி போட்டால் விகிதம் 2.71. ஐட்லிங்கில் 1760, இன்ஜின் 2200-ல் 5960. டவுன் பஸ்ஸுக்கு இதுதான் பொருத்தம். நெய்வேலி ரோட்டில் நிற்காமல் ஓடும் லாரிக்கு 85 மி.மீ. புல்லியே போதும், வீண் செலவு வேண்டாம். 70 மி.மீ. போட்ட வண்டி இறக்கத்தில் இன்ஜின் 2800 தொட்டால் டைனமோ 7600 போகும். தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வேகம் அதற்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புல்லியின் வெளி விளிம்பை அளந்தால் கணக்கு தப்பும், பெல்ட் உட்காரும் விட்டம்தான் கணக்கு. சாக்பீஸில் குறியிட்டு கிராங்க்கைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். டைனமோ 27 சுற்றினால் விகிதம் 2.7.

சின்னப் புல்லியில் பெல்ட் பிடிக்கும் இடம் குறையும். 28 வோல்ட்டில் 80 ஆம்பியர் என்றால் 2240 வாட். டைனமோவின் நஷ்டத்தையும் சேர்த்தால் இன்ஜினிலிருந்து ஏறக்குறைய 5 குதிரைத்திறன். ஒற்றை பெல்ட் வழுக்கும், கறுப்புத் தூள் கொட்டும், புல்லி சூடேறி முன் பேரிங் போகும். இரட்டை பெல்ட் போடுங்கள், இரண்டையும் ஒரே செட்டாக. ஒன்று மட்டும் புதிது என்றால் பாரம் முழுக்க அதன் தலையில்தான். தேவைப்படும் பெல்ட் நீளமும் குறையும். பழையதை இழுத்து மாட்டினால், பெல்ட்டை இறுக்க டைனமோவை நகர்த்தும் ஸ்லாட் (நீளத் துளை) போதாது.

உப்புக்காற்று ஊர் இது, எர்த்தை மறக்காதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, எல்லா லோடும் போட்டு டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் முனையில் உள்ள லக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் பழைய பி பிளஸ் வயர் 80 ஆம்பியருக்குத் தாங்காது, அதையும் தடிமனாக மாற்றச் சொல்லுங்கள். பில்லில் புல்லி விட்டம், பெல்ட் நம்பர் இரண்டையும் எழுதி வாங்குங்கள்.