லைற் சிமிட்டினால் உடனே கியர்பொக்ஸைக் கழற்ற விடாதீர்கள்

என்னுடையது 1997ஆம் ஆண்டு கொரோலா 110, ஓட்டோ கியர். மாரி முடிந்த கையோடு கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பும்போது, ஆனையிறவு தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி எடுத்தேன். கார் இழுக்க மாட்டாமல் முக்கியது. டாஷ்போர்டில், ஓவர்டிரைவ் என்ற மேல் கியரை நிறுத்தினால் எரியும் 'ஓ/டி ஓஃப்' லைற் விட்டுவிட்டுச் சிமிட்டியது. வேகம் பிடித்துவிட்டால் ஒழுங்காக ஓடும். றிவேர்ஸும் வழமைபோலப் பிடித்தது.

அடுத்த நாள் நகருக்குக் கிட்ட ஒரு கராஜ். லைற் சிமிட்டுவதைத்தான் முதலில் சொன்னேன். முதலாளி ஏறி வாசல்வரை ஓட்டிவிட்டு, "தம்பி, கியர்பொக்ஸ் முடிஞ்சுது. பஞ்சிகாவத்தையில ஒண்டு எடுப்பிச்சுத் தாறன்" என்றார். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் இடம் அது. கியர் ஒயில் கோலை இழுத்துக் காட்டினேன். நல்ல சிவப்பு, கருகல் மணம் இல்லை. "ஒயிலை வச்சு ஒண்டும் சொல்லேலாது."

சொல்லலாம். உள்ளே கிளச்சு எரிந்தால் ஒயில் கறுத்துக் கருகல் மணம் அடிக்கும். ரேடியேட்டர் தண்ணீர் கலந்தால் பால் விட்டதுபோல வெளிறும். ஓடும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் ஏறாவிட்டால், வழுக்குகிறது என்று சந்தேகப்படலாம். என் காரில் இதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு இந்தப் பழசுகளுக்கு ஏறிய விலை தெரியும்தானே. கார் கையை விட்டுப் போனால் இன்னொன்று வாங்க ஏலாது. தலையாட்டினேன்.

185,000 ரூபா, நாலு நாள். எடுத்து வந்த மூன்றாம் நாள், கோப்பாய்ச் சந்தியில் அதே லைற், அதே முக்கல்.

சுன்னாகம் பக்கம் வயர் வேலை செய்யும் ஒரு ஐயாவிடம் போனேன். அவர் கியர்பொக்ஸைத் தொடவே இல்லை. பொனற்றுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து, டீஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, சாவியைப் போட்டார். லைற் ஆறு தரம் சிமிட்டி, சற்று நின்று, இரண்டு தரம் சிமிட்டியது. 62. முதலாம் சொலனொய்டுக்கான பிழைக் கோட் அது. ஒயிலைத் திருப்பிவிடும் அந்த மின் வால்வுக்குக் கரண்ட் போகாவிட்டால் கார் மூன்றாம் கியரிலேயே புறப்படுமாம். முக்காமல் என்ன செய்யும்?

கியர்பொக்ஸுக்குப் போகும் வயர்ப் பிளக்கைக் கழற்றினார். உள்ளே பச்சையாகக் களிம்பு, ஒரு வயர் அரித்து நூலாகக் கிடந்தது. கராஜில் கழற்றிப் பூட்டியபோது கொஞ்சம் தொட்டுக்கொண்டதால்தான் இரண்டு நாள் ஓடியிருக்கிறது. சுரண்டித் துடைத்து, வயர் மாற்றி, ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. 3,500 ரூபா.

அந்த அரித்த வயரோடு கராஜுக்குப் போய் என் பழைய கியர்பொக்ஸைக் கேட்டேன். "அது இரும்புக்குப் போட்டுது." ஒரு கிழமைக்குள்ளேயா? இரும்புக்குப் போனதா, வேறு யாருடைய காருக்குள் போனதா? பில்லில் 'கியர்பொக்ஸ் 1' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அரைத் தாள், சீல்கூடக் கிடையாது. உங்கள் காரில் எதையாவது மாற்றினால், கழற்றியதை அன்றைக்கே டிக்கிக்குள் போடச் சொல்லுங்கள்.

வயரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த முதலாளி கேட்டார்: "லைற் மினுங்கினது எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே, தம்பி?"