பிளஸ் டூவில் வணிகவியல், கனவில் விமானி: எந்த வழி தேறும்?

உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால், என்னிடம் டியூஷன் படிக்கும் மாணவி பேனாவைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். பிளஸ் டூவில் இவள் எடுத்தது வணிகவியல். "சார், இயற்பியலும் கணக்கும் படிக்காமல் ராணுவ விமானி ஆகவே முடியாதா?" என்று கேட்டாள். இதே கேள்வி நம் கரையோரத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் அவளுக்காக அலசியதை இங்கே எழுதுகிறேன்.

ஊரில் முதலில் காதில் விழுவது, "அக்னிவீராகச் சேர், உள்ளே போனபின் பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனை. விமானப்படை அக்னிவீர் பணிக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம்; சம்பளமும் உடனே வரும். ஆனால் அது விமானி வேலை அல்ல. நான்கு ஆண்டுகள் கழித்து 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்கள் 22, 23 வயதில் வெளியே வருவார்கள். விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வில் விமானி பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 24. பட்டப்படிப்பை இடையில் முடித்தாலும் கையில் மிஞ்சுவது ஓரிரு ஆண்டுதான். குடும்பத்துக்கு வருமானம் வேண்டும் என்றால் நல்ல வழி. விமானி கனவுக்கு அல்ல.

கடன் வாங்கி வணிக விமானி உரிமம் எடுப்பது இன்னொரு வழி. 200 மணி நேரம் பறக்க வேண்டும். பல லட்சம் ஆகும். உரிமம் இருந்தால் ஏஎஃப்கேட்டில் வயது வரம்பு 26 ஆகும். ஆனால் பட்டம் கட்டாயம். இயற்பியலும் கணிதமும் அப்போதும் கட்டாயம். இதற்காக ஒருவர் படகை அடகு வைப்பதை என்னால் ஏற்க முடியாது. ட்ரோன் சான்றிதழ் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கே கிடைக்கும். பிழைப்புக்கு உதவும், ராணுவத்தில் விமானி ஆக்காது.

நான் நம்புவது நிதானமான வழியைத்தான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், கணிதம் இரண்டையும் தனிப்பாடமாக எழுதலாம். ஏஎஃப்கேட்டுக்கு பிளஸ் டூ அளவில் இவை ஒவ்வொன்றிலும் 50 சதவீதமும், ஏதேனும் ஒரு பட்டத்தில் 60 சதவீதமும் வேண்டும். பி.காம். கூடப் போதும். தனிப்பாடமாக எழுதிய மதிப்பெண்ணை ஏற்கிறார்களா என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பை வரிக்கு வரி படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என்.சி.சி. விமானப் பிரிவு உள்ள கல்லூரியில் சேர்ந்து 'சி' சான்றிதழ் பெற்றால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்முகத்துக்குப் போகலாம். அந்தப் பிரிவு எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. விமானி திறன் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதனால் அவசரப்படாமல் இருப்பது நல்லது. நம் ராமேசுவரத்து கலாம் ஏரோநாட்டிக்கல் படித்துவிட்டு டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வுக்குப் போனார். எட்டு இடம், அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்.

உடல் அளவுகளை இப்போதே பார்க்கச் சொன்னேன். உயரம் 162.5 செ.மீ., கால் நீளம் குறைந்தது 99 செ.மீ. சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவள் அம்மா தையல் டேப்பைப் பிடித்தார். 101. இரண்டு முறை அளந்தார். மறுநாள் முதல் காலை ஆறு மணிக்கு இயற்பியல் வகுப்பு.