வீதி நாடகமா, மன்ற அரங்கா?

திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் மாற்றுத்திறனாளிகள் மீதான தப்பெண்ணத்தை நாடகத்தால் எதிர்கொள்ள நினைக்கும் குழுவின் முன் இரண்டு வழிகள் உள்ளன.

பறையடித்துக் கூட்டம் சேர்க்கும் வீதி நாடகம், சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் ஏராளமானோரை எட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருப்பது போன்ற செய்திகளைச் சொல்ல அது போதும். ஆனால் பார்வையுள்ள நடிகர் கறுப்புக் கண்ணாடி அணிந்து தடுமாறிக் காட்டும்போது எழுவது பெரும்பாலும் இரக்கமே. 'முன்வினைப் பயன்' என்னும் நம்பிக்கை அசைவதில்லை.

பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கிலோ, சிக்கல் தீராமலே காட்சி முடிகிறது. அது மறுபடி நடிக்கப்படும்போது பார்வையாளர் இடைமறித்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு, தாம் நினைக்கும் மாற்றை நடித்துப் பார்க்கலாம். தங்கையைப் பெண் பார்க்க வரும் நாளில், சக்கர நாற்காலியில் இருக்கும் அக்காவை உள்ளறையில் ஒளித்துவைக்கும் காட்சியை அவ்வாழ்வை அறிந்த பெண்ணே நடித்தால், தனக்காகப் பரிந்து பேசக் கூட்டத்திலிருந்து மேடையேறும் அத்தையிடமே, "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, அத்தை?" என்று அவர் கேட்க முடியும். வீதி நாடகத்தில் இதற்கு இடமில்லை.

மன்ற அரங்குக்குத் தேர்ந்த நெறியாளரும் பொறுமையுள்ள சிறு கூட்டமும் வேண்டும். சம்பா அறுவடையின்போது அது கைகூடாது. ஆயினும் என் தேர்வு அதுவே. நிகழ்ச்சியை மட்டும் நடவு முடிந்தபின் வைத்துக்கொண்டு, மேடைக்குச் சாய்தளமும் (பல குழுக்கள் மறப்பது இதைத்தான்) அமைக்க வேண்டும்.