பிரிக்பீல்ட்ஸ் லேப்: நாலு நட்சத்திரம்தான்

லேப்பில் 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றாலும் கண் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு முன் எச்.ஐ.வி. சோதனை செய்யணும் என்ற மகனுக்குத் துணையாக, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் இந்த லேப்புக்குப் போனேன்.

விரலில் குத்து, ஒரு சொட்டு ரத்தம். சோதனை அட்டையைப் பிரிக்கும் முன்பே, லேப்பில் வேலை பார்க்கும் பிள்ளை காலாவதித் தேதியைப் பார்த்து, லாட் எண்ணை (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) ஏட்டில் எழுதியது. சொட்டு விட்டதும் டைமரைத் தட்டி, "இருபது நிமிஷம், அங்கிள்" என்றது. எட்டாவது நிமிஷமே மகன் எட்டிப் பார்க்க, ட்ரேயை நகர்த்தி வைத்துவிட்டது. சபாஷ்!

அட்டையில் கண்ட்ரோல் கோடு, அதாவது சோதனை ஓடியதைக் காட்டும் கோடு, வந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அட்டையில் திரவம் ஓடியதைத்தான் முக்கியமாகக் காட்டும். கிட், அதாவது அந்தச் சோதனைப் பொருள், நிஜமாகவே தொற்றைப் பிடிக்கிறதா என்று பார்க்க, முடிவு தெரிந்த பாசிட்டிவ், நெகட்டிவ் மாதிரிகளைத் தனியாக ஓட்டணும். கேட்டேன், அன்று காலை ஓட்டிய பதிவைக் காட்டினார்கள். லேப் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து முடிவு சொல்லாமல் அனுப்பும் மாதிரிகளையும் சோதிக்கிறார்களாம்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? கிட் அலமாரியின் வெப்பநிலைத் தாளில் சனி, ஞாயிறு கட்டங்கள் காலி. ஏர்கோனை நிறுத்திவிட்ட கோலாலம்பூர் அறை எப்படி வேகும் என்று தெரியாதா? இன்னொன்று: தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனை நெகட்டிவ் காட்டலாம். கடைசியாக எப்போது தொற்று ஆபத்து ஏற்பட்டது என்று, நான் வெளியே நின்றபோதுகூட, மகனிடம் கேட்கவில்லையாம்.

பார்க்கிங் கிடைக்காது. மோட்டார் சைக்கிளில் போங்கள்.