‘வீல்சேர் வசதி உண்டு’ என்று விற்கும் வெளிநாட்டு டூர்: நீலகிரிக்காரர்கள் முன்பணம் கட்டுமுன்

“வீல்சேர்தானே, எல்லா வசதியும் இருக்குங்க. நீங்க கிளம்பி வந்தா போதும்.” ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சிங்கப்பூர், மலேசியா டூர் விற்கும் ஏஜென்ட் இப்படிச் சொன்னால், எந்த வசதி, எத்தனை சென்டிமீட்டர் என்று அங்கேயே கேளுங்கள். கேட்காமல் ஏமாந்தது கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. இடுப்புக்குக் கீழ் அசைவில்லாத பெரியவர், கூட மனைவியும் மகனும். ஏஜென்ட் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

டிக்கெட்டில் வீல்சேர் என்று இருந்தது உண்மைதான். ஆனால் விமானக் கம்பெனிக்கு அது மூன்று வகை. டபிள்யூசிஎச் என்ற எழுத்துகளுக்கு அடுத்து ‘ஆர்’ இருந்தால், பயணி படி ஏறுவார், உள்ளே நடப்பார், தூரம்தான் நடக்க முடியாது என்று பொருள். ‘எஸ்’ என்றால் படி ஏற மாட்டார், உள்ளே சீட் வரை நடந்துவிடுவார். ‘சி’ என்றால் சீட்டிலேயே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பெரியவருக்கு வேண்டியது சி, ஏஜென்ட் போட்டது ஆர். ஆர் போட்டால் மறுகேள்வி வராது. சி போட்டால் துணைக்கு யார் வருகிறார், தானே சீட் மாறுவாரா என்றெல்லாம் விமானக் கம்பெனி கேட்கும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான். போகும்போது எப்படியோ சமாளித்தார்கள். திரும்பும்போது விமானம் ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவோடு வந்து ஒட்டும் நடைபாதை) இல்லாத இடத்தில் நின்றது. கீழே வீல்சேர் தயார், மேலே பெரியவர், நடுவே படிக்கட்டு. சி என்று முன்பே பதிவாகியிருந்தால், தூக்கி இறக்கும் ஆம்புலிப்ட் வண்டியும், சீட்டுகளுக்கு நடுவே நுழையும் குறுகலான ஐல் சேரும் வேண்டும் என்று தரையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் ஏஜென்ட் கொடுக்கும் பேப்பரை நம்பி இருக்காதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் என்ற பதிவு எண்ணைச் சொல்லி விமானக் கம்பெனிக்கு நீங்களே போன் போட்டு, பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு, டபிள்யூசிஎச்சுக்கு அடுத்துள்ள கடைசி எழுத்தைக் கேளுங்கள். அதன் பக்கத்தில் ‘எச்கே’ இருந்தால் உறுதி. ‘எச்என்’ என்றால் கேட்டு வைத்திருக்கிறார்கள், பதில் வரவில்லை. போகும் விமானம், வரும் விமானம் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். இந்தக் குடும்பத்திடம் ‘வீல்சேர் சார்ஜ்’ என்று வேறு பணம் வாங்கியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிக்கு விமான நிலையத்தில் தரும் வீல்சேர் உதவிக்கு இந்திய விதிப்படி கட்டணம் கிடையாது.

பேட்டரி நாற்காலி வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நம் ஊர் ஏற்றத்துக்குச் சின்ன பேட்டரி தாங்காது என்று பெரிதாகப் பார்த்து வாங்கியிருப்போம். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் ஒன்று 300 வாட்-ஹவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரைதான், இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரைதான். கழற்றிக் கேபினுக்குள் கையில் கொண்டுபோக வேண்டும். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 12 ஏஎச் என்றால் 288, போகலாம். 24 வோல்ட், 20 ஏஎச் என்றால் 480, கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து விமானக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்ற ஏஜென்ட் அன்றைக்குக் கோவை ஏர்போர்ட்டில் உங்களோடு நிற்கமாட்டார்.

சொந்த நாற்காலியை செக்-இன் கவுண்டரில் கொடுத்துவிடாதீர்கள். விமானக் கதவு வரை அதிலேயே வருவேன், இறங்கும்போதும் கதவுக்கே வர வேண்டும் என்று சொல்லி அதற்கான டேக் போடச் சொல்லுங்கள். ஏர்போர்ட் நாற்காலியில் குஷன் இருக்காது, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிடலாம். குஷன், கால்பலகை, கழன்று வரும் கைப்பிடி எல்லாம் உங்களோடு கேபினுக்குள். நாற்காலி உடைந்து வந்தால் ஏர்போர்ட்டில் சாமான் எடுக்கும் ஹாலை விட்டு வெளியே வருமுன் புகார்ப் படிவம் எழுதுங்கள். எழுத்தில் புகார் கொடுக்க 7 நாள்தான் அவகாசம்.

ஓட்டலில் நடந்தது தனிக் கூத்து. போட்டோவில் லிப்ட் இருந்தது, லிப்டுக்குப் போக மூன்று படி ஏற வேண்டும் என்பது போட்டோவில் இல்லை. பாத்ரூம் கதவு 58 சென்டிமீட்டர். 18 அங்குல சீட் உள்ள நாற்காலி, சக்கரத்தின் கைவளையத்தோடு சேர்த்து ஏறக்குறைய 65 வரும். ஐந்து நாளும் பெரியவருக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டதுதான் குளியல். கதவின் அகலம், கட்டிலின் உயரம் (நாற்காலி சீட்டுக்குச் சமமாக, 50 சென்டிமீட்டர் அளவில்), குளிக்கும் இடத்தில் தொட்டியா தரையா: இந்த மூன்றுக்கும் டேப் வைத்து எடுத்த போட்டோ கேளுங்கள். சாய்தளம் இருக்கிறது என்றால் நீளம் கேளுங்கள். 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கே 1.8 மீட்டர் வேண்டும், அதற்குக் குறைந்தால் அது சறுக்குமரம்.

வயிற்றெரிச்சல் வேன்தான். ‘ஸ்பெஷல் வேன்’ என்று பணம் வாங்கிவிட்டு, படி வைத்த சாதாரண வேன். இரண்டு பையன்கள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, அது கழன்று கையோடு வந்தது. தூக்குவதானால் சட்டகத்தைப் பிடிக்க வேண்டும், கைப்பிடியையும் கால்பலகையையும் தொடவே கூடாது. இதில் கொடுமை, சிங்கப்பூரில் அரசு வழித்தட பஸ்ஸிலேயே டிரைவர் இறங்கி வந்து சாய்தளத்தை விரித்துவிடுவார், எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிப்ட் உண்டு. அந்த ஊருக்கு வேனே வேண்டாம்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஆதாரம் வேண்டும். ஏஜென்ட் போனில் சொன்னதை அன்றைக்கே வாட்ஸாப்பில் எழுதி, ‘இதுதானே சொன்னீங்க’ என்று கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். கோத்தகிரிக் குடும்பத்திடம் இருந்தது ஒரு ரசீதுதான், அதில் எழுதியிருந்தது ‘டூர் அட்வான்ஸ்’ என்ற இரண்டே சொல்.